ஸ்வெட்டர் கழுத்தில் தொங்குவது நிஜமா, புளுகா?

லேபிளைப் பார்த்து ஏமாறாதீங்க!

சென்னை, டிச. 20–

மார்கழிப் பனி வந்தாச்சு. நடைபாதையில் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, குழந்தை சாக்ஸ் எல்லாம் மலை மலையாகக் குவிந்து விட்டன.

"கையால பின்னினது சார்! சுத்தமான உல்லன் சார்!" என்று கூவி விற்கிறார்கள். கழுத்துப் பட்டையில் 'ஹேண்ட்மேட்' என்று லேபிளும் இருக்கிறது.

நம்பலாமா?

அந்த லேபிளும் விலைக்குக் கிடைக்கும் சரக்குதான். 'ஹேண்ட்மேட்' என்று எழுத்துப் போட்ட நாடாவை யாரும் வாங்கலாம். எதிலும் வைத்துத் தைக்கலாம். லூதியானா மெஷினில் கட்டுக்கட்டாக வந்து விழும் ஸ்வெட்டருக்கும் அதே லேபிள்தான். வீட்டில் ஒரு பாட்டி பல நாள் கண் நோகப் பின்னியதற்கும் அதே லேபிள்தான்.

பாட்டி நியாயமான விலை கேட்டால், "அங்கே பாதி விலைக்கே ஹேண்ட்மேட் கிடைக்குதே" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். புளுகு லேபிள் அடிப்பது வாங்குகிறவர் பையில் மட்டும் இல்லை, பின்னுகிறவர் வயிற்றிலும்தான்!

உள்ளே திருப்பிப் பாருங்க

ஸ்வெட்டரை உள்பக்கமாகத் திருப்புங்கள். தையல் ஓரத்தில் துணியை வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால், அது பெரும்பாலும் மெஷின் சரக்கு. கைப்பின்னலில் துணியை வெட்டும் வேலை இல்லை. கண்ணிகளைக் கூட்டிக் குறைத்தே கைக்கும் கழுத்துக்கும் வடிவம் கொடுப்பார்கள். ஓரங்களை அதே நூலால் ஊசி கொண்டு இணைப்பார்கள். கண்ணிகளில் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் தெரியும்.

ஒரு தீக்குச்சி போதும்

'சுத்தமான கம்பளி' என்பதையும் சோதிக்கலாம். ஓரத்தில் தொங்கும் நூலில் ஒரு துண்டை எடுத்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே கொளுத்துங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிச் சொட்டி, கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக். காகிதம் எரிவது போல எரிந்தால் பருத்தி.

அக்ரிலிக் மோசம் என்று அர்த்தம் இல்லை. துவைக்க அது சுலபம். ஆனால் கம்பளி விலைக்கு அதை ஏன் வாங்க வேண்டும்?

3 ஆண்டு ஜெயில்!

இது சில்லறை விஷயம் என்று நினைக்காதீர்கள். எந்த நூல், எப்படிச் செய்தது என்று பொய் விவரம் போடுவது 1999-ம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில். 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தெரிந்தே விற்கிறவருக்கும் அதே தண்டனை.

பாக்கெட்டில் அடைக்காமல் விற்கும் ஆடையிலும் தயாரித்தவர் பெயர்–விலாசம், புகார் சொல்ல போன்–இமெயில், அளவு, அதிகபட்ச விலை ஆகிய 4 விவரம் இருக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு விதி வகுத்தது.

மெஷினால் முடியாத வேலை

குரோஷா பின்னல் வேறு ரகம். கொக்கி ஊசியில் போடும் நிஜ குரோஷாவை இன்று வரை மெஷின் செய்வதில்லை. அப்படியென்றால், அடிமாட்டு விலைக்கு குரோஷா சட்டை கிடைத்தால், யாரோ ஒரு பெண்ணின் விரலுக்குக் கூலி கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

ஆந்திராவில் நரசாபுரம் குரோஷா லேசுக்குப் பெயர் போன ஊர். சரக்கு கப்பலேறி வெளிநாடு போகிறது. பின்னிய பெண்களைத் தொழிலாளி என்றே யாரும் கணக்கில் சேர்க்கவில்லை, 'வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள்' என்று சொல்லிச் சொற்பக் கூலி கொடுத்தார்கள் என்று 1982-ல் மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் புத்தகமே எழுதினார். 2024-ல் அந்த லேசுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடுத்தது நம்ம கிண்டியில் உள்ள பதிவு அலுவலகம்! ஊர்ப் பெயர் லேபிளில் ஏறிவிட்டது. பின்னியவர் பெயர் எப்போது ஏறும்?

பின்னும் அக்காமாரே!

வீட்டில் பின்னி விற்கிறீர்களா? உங்கள் பெயரை நீங்களே போடுங்கள். மெல்லிய பருத்தி நாடாவில் பெயர், என்ன நூல், எப்படித் துவைப்பது – இந்த மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். கம்பளி என்றால் 'பச்சைத் தண்ணீர், முறுக்கிப் பிழியாதே, கொடியில் தொங்கவிடாதே, விரித்துக் காயவை' என்று எழுதுங்கள்.

நாடாவை இரண்டு ஓரத்தில் மட்டும், கொஞ்சம் தளர்வாகத் தையுங்கள். சுற்றிலும் இழுத்துத் தைத்தால் பின்னல் நீளும்போது தையல் அறுந்துவிடும். விலை அட்டையைக் கண்ணிகளுக்கு நடுவே நூல் விட்டுக் கட்டுங்கள். நூலிழையைக் குத்தினால் ஓட்டை விழும். குழந்தைச் சட்டையில் குண்டூசி, ஊக்கு வேண்டவே வேண்டாம்!

ஏமாந்தவர்கள் பில்லையும் லேபிளையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். பில் தராத கடையில் ஸ்வெட்டர் வாங்காதீங்க!