மலத்தில் ரத்தம்: 'சூடு'ன்னு அருவியில் குளித்தால் போதுமா?

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி, குற்றாலம் வீடுகளில் விருந்தாளிகளுக்குப் பஞ்சமில்லை. காலையில் மெயின் அருவி, ராத்திரி பார்டர் பரோட்டா. மறுநாள் மலத்தோடு ரத்தம் வந்தால் தீர்ப்பு தயாராக இருக்கும்: "ஒண்ணுமில்ல, சூடுதான். ரெண்டு நாள் அருவியில குளிங்க, சரியாயிரும்."

குளியல் சுகம்தான். ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை அது சொல்லாது.

பெரும்பாலும் காரணம் ஆபத்தில்லாதது. ஆசனவாய்க்குள் ரத்தக்குழாய்கள் புடைத்து இறங்குவது மூலம். வலியே இல்லாமல் பளிச்சென்று ரத்தம் சொட்டும். பிளேடால் கீறியதுபோல் வலித்தால் வெடிப்பு. பக்கத்தில் கட்டி வந்து உடைந்து, சீழ் கசிந்துகொண்டே இருந்தால் பௌத்திரம். பஸ் ஸ்டாண்ட் சுவர் போஸ்டர்களில் இவற்றை ஒரே வரியில் எழுதி 'ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்பார்கள். மூன்றும் வேறு வேறு, வைத்தியமும் வேறு.

ஆரம்பநிலை மூலத்துக்கு நார்ச்சத்தும் தண்ணீரும் போதும். டாய்லெட்டில் போனோடு உட்காரும் பழக்கத்தை விட வேண்டும். அடுத்த கட்டத்தில் ரப்பர் வளையம் போட்டுச் சுருங்க வைப்பார்கள். முற்றிய மூலத்துக்குத்தான் ஆபரேஷன். புதிய வெடிப்பு களிம்பிலேயே ஆறிவிடும். பௌத்திரம் அப்படியல்ல, பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டும். அதில் மலத்தை அடக்கும் தசை கெட்டுவிடக் கூடாது. அதனால்தான் சிலருக்கு நூல் கோத்து மெதுவாக ஆற்றுகிறார்கள். சித்த மருத்துவத்தில் காரநூல் என்பதும் இந்த வகைதான்.

சிக்கல் என்னவென்றால், மலக்குடல் புற்றுநோயும் இதே ரத்தத்தோடு தலைகாட்டும். மூலம் புற்றுநோயாக மாறாது. ஆனால் 'மூலம்தான்' என்ற நினைப்புக்குப் பின்னால் புற்றுநோய் மறைந்திருக்கலாம். வயசானவங்க வியாதி என்றும் தள்ள முடியாது. 'பிளாக் பாந்தர்' நடிகர் சாட்விக் போஸ்மேன் 2020இல் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 43.

மலம் போகும் வழக்கம் சில வாரமாக மாறியிருக்கிறதா? போய்வந்தும் முழுசா போகாத உணர்வா? எடை குறைகிறதா, ரத்தசோகையா? அப்படியானால் கொலனோஸ்கோப்பி தேவைப்படலாம். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் எனும் சிறு முளையில் தொடங்கி, வளர 10 ஆண்டுவரைகூட எடுக்கும். பரிசோதனையின்போதே முளையை அகற்றிவிடலாம்.

பலரைத் தள்ளிப்போட வைப்பது வயிற்றில் 'பை' வைத்துவிடுவார்களோ என்ற பயம். 1908இல் லண்டன் சர்ஜன் எர்னஸ்ட் மைல்ஸ் விவரித்த ஆபரேஷனில் ஆசனவாயும் போய்விடும், பை நிரந்தரம். இன்று பலருக்குக் கட்டியுள்ள பகுதியை மட்டும் எடுத்துக் குடலை இணைக்க முடிகிறது. பை வைத்தாலும் பலருக்குச் சில மாதம்தான். கட்டி அடக்கும் தசைக்குள் பரவியிருந்தால் மைல்ஸ் வழிதான் மிஞ்சும்.

தென்காசி அரசு தலைமை மருத்துவமனையில் தொடங்கலாம். மேல்சிகிச்சைக்குத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கை கொடுக்கும். முதல் சோதனை, கையுறை போட்ட விரலால் ஒரு நிமிஷம் தொட்டுப் பார்ப்பதுதான். அதைச் செய்யாமல் மாத்திரை மட்டும் எழுதினால், "ஒருதரம் பாத்துருங்க டாக்டர்" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.