ஷீட்டோடு போகாத விலை

கரவனெல்லயில் 'ஷீட்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது இறப்பர் ஷீட்தான். நான் இவ்வாரம் எழுதுவது எக்ஸெல் ஷீட்டைப் பற்றி. இரண்டும் ஒரே கடையில் சந்தித்ததால் வந்த வினை இது.

எனது மச்சான் இங்கு சிறு தோட்டக்காரர்களிடம் இறப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்குகிறார். கணக்கு கணனியில். ஒரு கோப்பில் மாதத்துக்கு ஒரு ஷீட், அந்த மாத விலைக்கு வேறொரு ஷீட். மாதம் முடிந்ததும் அம்மாத ஷீட்டை வருடக் கோப்புக்குத் தள்ளிவிட நான் ஒரு மெக்ரோ செய்து கொடுத்தேன். ஒரு பட்டனை அழுத்தினால் போதும். மச்சானுக்கு நல்ல சந்தோஷம்.

சில மாதங்களின் பின் ஒரு தோட்டக்காரர் பழைய பாக்கியைக் கேட்டு வந்தார். அவரது பில்லில் ஒரு தொகை, எமது கோப்பில் அதைவிடக் குறைந்த தொகை. பில்லில் இருந்ததோ மச்சானின் கையெழுத்து. மனிதர் சத்தம் போடவில்லை. பில்லை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

தவறு என்னுடையது. ஷீட் வேறு கோப்புக்குப் போனாலும் அதிலுள்ள போர்முலா பழைய கோப்பின் விலைக் கட்டத்தையே பார்த்துக் கொண்டிருக்கும். கோப்பைத் திறக்கும்போது 'அப்டேட்' செய்யவா என்று எக்ஸெல் கேட்கும். மச்சான் ஒவ்வொரு முறையும் ஆம் என்று அழுத்தியிருக்கிறார். 100 கிலோவை 520 ரூபா வீதம் வாங்கினால் 52,000. பிறகு விலைக் கட்டத்தில் 480 என்று மாற்றினால் பழைய மாதத்திலும் 48,000 ஆகிவிடும்.

ஆகவே ஷீட்டை நகர்த்தாதீர்கள், பிரதி எடுங்கள். முதலில் இரண்டு கோப்புகளையும் திறந்து வையுங்கள். 'வியூ' பகுதியில் 'ரெக்கோர்ட் மெக்ரோ'வைத் தொடக்கி, ஷீட்டின் பெயரில் வலது கிளிக் செய்து, 'மூவ் ஓர் கொப்பி'யில் வருடக் கோப்பைத் தெரிந்து, 'கிரியேட் எ கொப்பி'க்குச் சரி போடுங்கள். பிரதியில் எல்லாவற்றையும் தெரிவு செய்து கொப்பி பண்ணி, 'பேஸ்ட் ஸ்பெஷல்' மூலம் 'வெல்யூஸ்' மட்டும் ஒட்டுங்கள். போர்முலா போய், தொகை மட்டும் நிற்கும். பதிவை நிறுத்துங்கள். மூல ஷீட்டை மெக்ரோவைக் கொண்டு அழிக்க வேண்டாம். இரு மொத்தங்களும் ஒன்றா என்று கண்ணால் பார்த்து, கையால் அழியுங்கள். மெக்ரோ செய்ததைக் கண்ட்ரோல் இசட் அழுத்தி மீட்க முடியாது.

இன்னொரு சிக்கல். பதிந்த மெக்ரோ ஷீட்டின் பெயரையும் சேர்த்தே பதிந்துகொள்ளும். அடுத்த மாதம் அது பழைய பெயரையே தேடும். ஓல்ட்டும் எஃப்11உம் சேர்த்து அழுத்தி, ஆரம்பத்தில் மேற்கோள் குறிக்குள் அந்தப் பெயருடன் வரும் ஷீட்ஸ் என்பதை 'ஆக்டிவ்ஷீட்' என்று மாற்றினால் எந்த மாதத்துக்கும் ஓடும். நம்மவர்கள் ஷீட்டுக்கு 'சித்திரை' என்றெல்லாம் தமிழில் பெயர் வைப்பதுண்டு. அந்த எழுத்துகள் மெக்ரோ எழுதும் ஜன்னலில் வெறும் கேள்விக்குறிகளாகத்தான் வரும். 2024-03 என்று இலக்கத்தில் வைப்பது நல்லது.

கோப்பை 'மெக்ரோ எனேபிள்ட்' வகையில் சேமியுங்கள். மின்னஞ்சலில் வந்த கோப்புகளின் மெக்ரோவை 2022 முதல் மைக்ரோசொப்ட் தானாகவே தடுக்கிறது. கணக்காளருக்கு அனுப்பும்போது ஞாபகமிருக்கட்டும்.

தோட்டக்காரருக்குப் பில்லில் உள்ளபடியே காசு கொடுத்தாயிற்று. மற்ற மாதங்களைப் பில் புத்தகத்தைப் பார்த்து நானும் மச்சானும் திரும்பப் பதிந்தோம். இரண்டு பேருக்கு ஆறு இரவுகள் பிடித்தன.