பாதி விலைக்கு ‘ஒரிஜினல்’ மது: கடைக்காரர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்?

வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்து ஹுத்தான் மெலிந்தாங்குக்குக் கிளம்புகிறீர்கள். அக்காவுக்கு நிச்சயதார்த்தம். "வரும்போது நல்ல பாட்டில் ஒண்ணு வாங்கிட்டு வாப்பா" என்கிறார் மாமா. பீடோர் வழியாக வந்து, தெலுக் இந்தானில் காரை நிறுத்தி ஒரு கடைக்குள் நுழைகிறீர்கள். விலையைப் பார்த்துத் தயங்கும்போது கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: "பின்னால அதே சரக்கு இருக்கு, பாதி விலை. ஒரிஜினல்தான், நம்பி எடுத்துட்டுப் போங்க."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இப்படி ஒரு பேச்சை நீங்களும் எங்கேயாவது கேட்டிருக்கலாம். அப்படிச் சொல்லும் கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்ல வரவில்லை. உண்மையிலேயே அவர் அப்படி நம்பலாம். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பாட்டில் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியுமா?

2018-இல் என்ன நடந்தது?

2018 செப்டம்பர் நடுவில் சிலாங்கூர், கோலாலம்பூர் மருத்துவமனைகளுக்கு வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல் என்று ஒருவர் பின் ஒருவராக வரத் தொடங்கினார்கள். காரணம் மெத்தனால் கலந்த போலி மது. சில வாரங்களில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலேசியர்களோடு நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் பாதிக்கப்பட்டார்கள்.

அவர்களில் பலர் குடித்தது பெயர் தெரியாத சாராயம் இல்லை. மண்டாலே விஸ்கி, கிராண்ட் ராயல் விஸ்கி, கிங்பிஷர் பீர் போன்ற பெயர்களில் விற்கப்பட்டவைதான் சந்தேகத்துக்கு உள்ளாயின. லேபிள் ஒன்று, உள்ளே இருந்தது வேறு. வாங்கியவர்கள் லேபிளை நம்பினார்கள், விற்றவரை நம்பினார்கள்.

மெத்தனால் ஏன் இவ்வளவு ஆபத்து?

நாம் சாதாரணமாக ‘ஆல்கஹால்’ என்று சொல்வது எத்தனால். மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படும் இரசாயனம். பார்வைக்கும் வாசனைக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். உடலுக்குள் போன மெத்தனாலைக் கல்லீரல் முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கும். உயிர் பிழைத்தாலும் பார்வை திரும்பாமல் போகலாம்.

கடுமையான அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் தெரியும். "நேத்து குடிச்சது, இன்னும் தெளியலை" என்று வீட்டில் படுக்க வைத்துவிடுவது இதனால்தான் ஆபத்து. கொளுத்திப் பார்த்தால் தெரியும், மோந்து பார்த்தால் தெரியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டையும் நம்ப முடியாது.

விலை உயர்ந்த பாட்டில் என்றால் பயமில்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. இந்தோனேசியாவில் பிறந்த ரூடி குர்னியவான் என்பவர் அமெரிக்காவில் பழைய பிரெஞ்சு ஒயின்களை விற்றுக் கோடி கோடியாகச் சம்பாதித்தார். உணவகங்களில் குடித்து முடித்த காலி பாட்டில்களைத் தனக்கு அனுப்பி வைக்கச் சொல்வார். வீட்டிலேயே ஒயின்களைக் கலந்து, லேபிள் ஒட்டி, கார்க் அடைத்தார்.

2008-இல் நியூயார்க் ஏலம் ஒன்றுக்கு அவர் அனுப்பிய பாட்டில்களில், போன்சோ குடும்பத்தின் ‘குளோ சான் தெனி’ ஒயின் 1945 முதல் 1971 வரையிலான ஆண்டுகளோடு இருந்தது. லோரான் போன்சோவுக்குத் தகவல் போனது. அவர் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980-களில்தான்! ஏலத்தன்று அவரே நேரில் வந்து நிற்க, அந்தப் பாட்டில்கள் விலக்கப்பட்டன. குர்னியவான் 2012-இல் கைதானார், 2014-இல் 10 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

இத்தனைக்கும் அவரிடம் வாங்கியவர்கள் ஒயினைப் பற்றி நன்றாகத் தெரிந்த பணக்காரர்கள். விற்றுக் கொடுத்தது பெயர் பெற்ற ஏல நிறுவனம். எல்லாரும் அடுத்தவரை நம்பினார்கள். பாட்டில் எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை போய்க் கேட்டவர்கள் சிலர்தான்.

ஒயினில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாட்டில் அசலாகவே இருக்கலாம், ஆனால் அதை எப்படி வைத்திருந்தார்கள்? நல்ல ஒயினுக்குச் சுமார் 12, 13 பாகை செல்சியஸ் குளிர்ச்சி வேண்டும். நம்ம பேராக் வெயிலில் லாரியிலோ கடையின் பின்கட்டிலோ சில வாரம் கிடந்தால் சுவை கெட்டுவிடும். லேபிள் அதைச் சொல்லாது.

அப்போ கடையில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் விலைக் கணக்கு. 2016-இல் விஸ்கி, பிராந்தி போன்றவற்றுக்கு ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 150 ரிங்கிட் கலால் வரி வைத்தார்கள். 700 மில்லி பாட்டிலில் 40 விழுக்காடு ஆல்கஹால் என்றால் 280 மில்லி. அதற்கு வரி மட்டுமே 42 ரிங்கிட். 2025 நவம்பரில் வரி இன்னும் ஏறியது. இதற்கு மேல் சரக்கின் விலை, கப்பல் செலவு, கடை இலாபம் எல்லாம் இருக்கிறது. லங்காவி போன்ற தீர்வையற்ற இடங்களுக்கு வெளியே யாராவது ‘ஒரிஜினல்’ விஸ்கியை 40 ரிங்கிட்டுக்குக் கொடுத்தால், அது கடத்தல் சரக்காகவோ போலியாகவோ இருக்க வேண்டும். கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அடுத்து சுங்கத் துறையின் வரி முத்திரை. அது இல்லாத பாட்டிலைத் தொடவே வேண்டாம். முத்திரையையும் போலியாக அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் அது மட்டும் போதாது. மூடி ஏற்கெனவே திறக்கப்பட்டதுபோல் இருக்கிறதா, லேபிள் கோணலாக இருக்கிறதா, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, ரசீது. "இது யார்கிட்ட இருந்து வருது அண்ணே? ரசீது கொடுப்பீங்களா?" என்று கேளுங்கள். முறையாக வாங்கி விற்பவருக்கு மொத்த வியாபாரியின் பெயரைச் சொல்வதில் தயக்கம் இருக்காது. "அதெல்லாம் எதுக்கு?" என்று பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள். ரசீது கையில் இருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். ரசீது இல்லையென்றால் வழக்கை நிரூபிப்பது கஷ்டம்.

இன்னொன்று: 2017 டிசம்பர் முதல் மது வாங்கக் குறைந்தபட்ச வயது 21. வயதே கேட்காமல் விற்கும் கடை, சரக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டிருக்குமா?

ஏன் இது நம்ம கதை?

தோட்டப்புறத்தில் கள்ளு எந்த மரத்திலிருந்து வந்தது, யார் இறக்கினார் என்று தாத்தாக்களுக்குத் தெரியும். அதற்காக அது பொற்காலம் இல்லை. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. பின்னால் மலிவு விலை சம்சு வந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக அதை எதிர்த்துப் பேசி வருகிறது.

ஒயினில் ஏமாந்த கோடீஸ்வரர்கள் வழக்கறிஞர் வைத்தார்கள், நிபுணர் வைத்தார்கள். அவர்களுக்குப் போனது பணம். நாள் கூலிக்கு வேலை செய்துவிட்டுக் கையில் இருக்கும் காசுக்கு ஒரு பாட்டில் வாங்குபவருக்குப் போவது கண்ணோ உயிரோ.

யாராவது குடித்துவிட்டு மறுநாள் கண் மங்குகிறது, மூச்சு வாங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். 999-ஐ அழையுங்கள் அல்லது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மெத்தனாலுக்கு மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு, சீக்கிரம் போனால் காப்பாற்ற முடியும். அந்தப் பாட்டிலைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள். அதே சரக்கைக் குடித்த மற்றவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள், அவர்களுக்கு இன்னும் அறிகுறி தொடங்கியிருக்காது.

மாமாவிடம் என்ன சொல்வது? "பாதி விலைக்குக் கிடைச்சது மாமா, ஆனா எங்கிருந்து வந்ததுன்னு கடைக்காரருக்கே தெரியலை. அதான் விட்டுட்டேன்." அவ்வளவு போதும்.