உஷார்! மொட்டை மாடிக்கு அடர் நிறம் வேண்டவே வேண்டாம்

பொங்கல் முடிந்ததுமே ஊரெங்கும் கூரை வேலை ஆரம்பமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒழுகிய தளத்துக்கு வாட்டர் ப்ரூஃப் அடிப்பவர்கள் ஒரு பக்கம், மொட்டை மாடியில் ஷீட் போடுபவர்கள் இன்னொரு பக்கம். ஷீட்டின் கனம், பைப்பின் விலை, வெல்டர் கூலி என்று எல்லாவற்றையும் நாலு இடத்தில் விசாரிக்கிறோம். கலரை மட்டும் கடைசியில், கடைக்காரர் நீட்டுகிற ஷேட் கார்டைப் பார்த்து ஐந்தே நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறோம். கேட்டுக்கு மேட்ச்சாக பிரவுன், பக்கத்து வீட்டைப் போல அடர் நீலம், அழுக்கு தெரியாது என்று செங்கல் சிவப்பு. அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்! அந்தக் கலர் இனி ஒவ்வொரு கோடையிலும் உங்களைத் தூங்கவிடாமல் செய்யும்.

கணக்கைப் பாருங்கள்

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் கூரையின் மேல் ஏறக்குறைய 1,000 வாட் வெப்பம் கொட்டுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் மேலே சுமார் 11 சதுர மீட்டர் கூரை. சார்கோல், கரும்பச்சை, அடர் பிரவுன் போன்ற நிறங்கள், சாதாரண பெயின்ட்டாக இருந்தால், விழும் வெயிலில் 80 முதல் 90 சதவீதம் வரை உறிஞ்சிக்கொள்ளும். தரமான வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் புதிதாக அடித்த நிலையில் 70 சதவீதமோ அதற்கு மேலோ திருப்பி அனுப்பிவிடும்.

அதாவது அடர் நிறக் கூரை வாங்கிக்கொள்வது சுமார் 10,000 வாட். வெள்ளைக் கூரை வாங்கிக்கொள்வது 3,300 வாட். ஒரு டன் ஏசி ஓர் அறையிலிருந்து வெளியேற்றுவது 3,500 வாட் வெப்பம். ஆக, கலர் மாறியதால் மட்டும் கூடுதலாகச் சேரும் வெப்பம், இரண்டு ஏசி வெளியேற்றும் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். இதில் பெரும்பகுதியைக் காற்று கொண்டுபோய்விடும் என்பது உண்மைதான். மிச்சம் இறங்குவது உங்கள் தலைமேல்தான்.

சாதாரணக் கூரை கோடை மதியத்தில் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும் என்றும், அதே வெயிலில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் கூரை 28 டிகிரிக்கு மேல்கூடக் குறைவாக இருக்க முடியும் என்றும் அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. நம் வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி வெயிலை நினைத்துப் பாருங்கள். கடலோரச் சென்னையே 2003 மே 31 அன்று 45 டிகிரியைத் தொட்ட ஊர்.

ராத்திரிதான் இன்னும் மோசம்

கான்கிரீட் தளம் பகலில் குடித்த வெயிலை உடனே உள்ளே விடாது. பொழுது சாய்ந்த பிறகுதான் மெதுவாக இறக்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் மாடி அறையில் ஃபேன் போட்டால் அனல் இறங்குவது இதனால்தான். படுத்தபடி கையை மேலே நீட்டினாலே சீலிங்கின் சூடு உள்ளங்கையில் தெரியும். அறைக்காற்றின் சூடு தோலின் சூட்டைத் தாண்டிவிட்டால் ஃபேன் காற்று உடம்பைக் குளிர்விக்காது, வியர்வை மட்டும்தான் காப்பாற்ற வேண்டும். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது போதாது. இருதய நோய், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் ஆபத்து.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. தெலங்கானா 2023-லேயே கூல் ரூஃப்புக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்துவிட்டது. வீட்டு ஓனர்களே, மாடி போர்ஷனை வாடகைக்கு விடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். கலரைத் தேர்ந்தெடுப்பது நீங்கள். அதன் அடியில் வேகப்போவது இன்னொரு குடும்பம்.

நாம் ஏமாறும் இடங்கள்

ஓட்டு மாடல் ஷீட்: பார்க்க அச்சு அசல் மங்களூர் ஓடு. அந்தச் செங்கல் சிவப்பைப் பார்த்ததும் பாட்டி வீட்டுக் குளிர்ச்சி வந்துவிடும் என்று நம்பிவிடுகிறோம். வராது. ஓட்டு வீடு குளிர்ந்ததற்குக் காரணம் அதன் சிவப்பு இல்லை. சுட்ட மண்ணின் கனமும், ஓட்டுக்கு ஓடு இருந்த இடைவெளி வழியாகச் சூடான காற்று வெளியேறியதும்தான். ஷீட் என்பது அரை மில்லி மீட்டர் தகடு. அதில் ஓட்டின் கலர் மட்டும்தான் இருக்கிறது.

ஷிங்கிள்ஸ்: சரிவான கான்கிரீட் கூரை வைத்துக் கட்டும் வீடுகளில் இப்போது இதுதான் ஃபேஷன். இதன் அடிப்படைப் பொருள் தாருக்கு உறவான பிட்டுமன். மேலே கல் துகள் தூவியிருப்பார்கள். கறுப்பு ஷிங்கிள்ஸ் வெயிலில் 95 சதவீதத்தை உறிஞ்சும். வெள்ளை என்று விற்கப்படுவதுகூட, சாதாரண ரகமாக இருந்தால், கால்வாசி வெயிலைத்தான் திருப்பி அனுப்பும். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு இது சரி. சமவெளியில் போடுவதானால் கூல் ரூஃப் ரகமா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

வாட்டர் ப்ரூஃப் பெயின்ட்: ஒழுகலுக்கு அடிக்கும் பெயின்ட்டில் டெரகோட்டாவும் கிரேயும்தான் நிறைய விற்கின்றன. பெரும்பாலும் அதே பெயின்ட் வெள்ளையிலும் வருகிறது. கேட்டு வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

பளபளக்கும் வெறும் தகடு: கண்ணைக் கூசுகிறதே, வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்று தோன்றும். அனுப்பும்தான். ஆனால் உறிஞ்சிய கொஞ்ச வெப்பத்தையும் எளிதில் வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும் குணம் வெறும் உலோகத்துக்கு உண்டு. அதனால் தகடு சுட்டுக்கொண்டே இருக்கும். வெளிர் நிறப் பெயின்ட் பூசிய ஷீட்டே மேல்.

‘கூல் கலர்’ என்ற வாய்வார்த்தை: வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதைத் திருப்பி அனுப்பும் நிறமிகள் கலந்த அடர் நிறப் பெயின்ட்டுகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் கண்ணால் பார்த்து அந்த பிரவுனையும் சாதாரண பிரவுனையும் பிரித்தறியவே முடியாது. ‘இது கூல் சார், நம்பி வாங்குங்க’ என்றால் நம்பாதீர்கள். கூரை வெயிலில் எவ்வளவு சூடேறாமல் தாங்கும் என்பதைச் சொல்லும் எஸ்.ஆர்.ஐ. (சோலார் ரிஃப்ளெக்டன்ஸ் இண்டெக்ஸ்) எண் எவ்வளவு என்று கேளுங்கள். அளவுகோலுக்கு வைத்திருக்கும் கறுப்புக்கு அது 0, வெள்ளைக்கு 100. எண்ணைக் கம்பெனியின் பரிசோதனைத் தாளில் அச்சாகக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் அடர் நிறத்தைத் தொடாதீர்கள்.

கடையிலேயே சோதித்துவிடலாம்

ஷேட் கார்டில் இருப்பது இரண்டு விரல் அகலக் கட்டம், அதையும் டியூப் லைட் வெளிச்சத்தில் பார்க்கிறோம். நீங்கள் யோசிக்கும் கலரில் ஒரு துண்டு ஷீட்டும் வெள்ளையில் ஒரு துண்டும் கேட்டு வாங்குங்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு மாடியில் பக்கத்தில் பக்கத்தில், செங்கல் மேல் தூக்கிவைத்து, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு பழைய துணியால் பிடித்துத் தூக்கி, இரண்டின் அடிப்பக்கத்துக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். அடிப்பக்கம் இரண்டுக்கும் ஒரே கலர்தான், ஆனால் கைக்கு வித்தியாசம் தெரியும். வீட்டில் கலருக்காக அடம்பிடிப்பவர் யாரோ, அவரையே இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

வெள்ளை அடிப்பவர்களும் உஷார்!

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு வெள்ளை அடிக்கப் போகிறீர்களா? கம்பி பிரஷ், உப்புத்தாள், கிரைண்டர் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சுரண்டும்போது பறக்கும் நார்த்தூள் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். அந்தக் கூரை மேல் நேராகக் காலை வைக்கவும் கூடாது. சட்டென்று உடைந்து ஆள் உள்ளே விழுந்துவிடுவார். சட்டத்தின் மேல் பலகை போட்டு வேலை செய்யும் ஆளைத்தான் அழைக்க வேண்டும்.

சுவருக்கு வாங்கிய எமல்ஷன் மிச்சமிருக்கிறதே என்று தளத்தில் அடிக்காதீர்கள். தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் உரிந்துவிடும். ஒழுகலைச் சரிசெய்து, பாசியைச் சுரண்டி, தளம் நன்றாகக் காய்ந்த பிறகே பெயின்ட். பணமில்லை என்றால் சுண்ணாம்பு அடியுங்கள், தவறில்லை. மழையில் கரைந்துவிடும் என்பதால் வருடா வருடம் அடிக்க வேண்டும், அவ்வளவே.

வெளிர் நிற ஷீட்டைக் கூரை மேலேயே வைத்து கிரைண்டரால் அறுக்க விடாதீர்கள். சிதறும் இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு, முதல் மழையிலேயே துருப்புள்ளியாகப் பூத்துவிடும். அதிகப் பளபளப்பு இல்லாத வெள்ளையோ வெளிர் சந்தன நிறமோ எடுத்தால் எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கூச்சம் போகாது.

‘வெள்ளை அழுக்காகுமே?’ ஆகும். அழுக்கு ஏற ஏறத் திருப்பி அனுப்பும் சக்தியும் குறையும். மாசியிலோ பங்குனியிலோ ஒருமுறை கழுவிவிட்டால் போதும்.

ஏற்கெனவே அடர் நிறம் போட்டுவிட்டீர்களா?

பிரித்துப்போட வேண்டியதில்லை. ஷீட்டுக்கு ஏற்ற பிரைமர் அடித்து, மேலே வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடிக்கலாம். ஷீட்டுக்கும் தளத்துக்கும் நடுவே சேரும் சூடான காற்று வெளியேற இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும். புறா வருகிறது என்று தகடு வைத்து அடைத்துவிடாமல் வலை கட்டுங்கள்.

இன்னும் ஆர்டர் கொடுக்காதவர்கள் இன்றே கடைக்காரருக்கு போன் போடுங்கள். கலரை மாற்றச் சொல்லுங்கள். ஒரே ரகத்தில் வெள்ளைக்கும் பிரவுனுக்கும் விலை வித்தியாசம் பெரும்பாலும் இருக்காது. ஷீட் வந்து ஸ்க்ரூ முடுக்கிய பிறகு மாற்ற நினைத்தால், பெயின்ட்டும் கூலியும் முழுக்க உங்கள் கைக்காசு.