தணலில் சுட்டுப் பாருங்கள்

தீபாவளி முடிந்த கையோடு தில்லியின் காய்கறிச் சந்தைகளில் தேங்காய் அளவுக்குத் திரண்ட கத்தரிக்காய்கள் வந்து இறங்கிவிடும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் அதைக் கண்டு மிரள்வதுண்டு. சென்ற குளிர்காலத்தில், மணமாகி வந்து இரண்டு மாதமே ஆன ஒரு பெண், "இதில் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்ய வருமா அக்கா?" என்று கேட்டாள். வராது. அது சுடுவதற்கேற்ற காய். எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சுட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து, "இதையெல்லாம் எழுதுங்களேன்" என்று நச்சரிக்கிறாள். அவளுக்காகவே இதை எழுதுகிறேன்.

சுட்டுத் தின்பது வடக்கத்தியார் வழக்கம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கரிகால் சோழனின் விருந்தைச் சொல்லும் பொருநராற்றுப்படையிலேயே கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி வருகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? சுட்ட அப்பளம், சுட்ட கருவாடு, அடுப்புச் சாம்பலில் புதைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கத்தரிக்காய் கொத்சு எல்லாம் நம் பாட்டிமார் விறகடுப்பில் செய்தவைதாமே. காஸ் அடுப்பு வந்தது, தணல் போயிற்று, கூடவே அந்தக் கைப்பழக்கமும் போயிற்று.

சுடுவதில் முதல் பாடம், தீ வேறு தணல் வேறு என்பது. கரி பற்றி எரியும்போது மேலே எதை வைத்தாலும் தோல் கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். ஜ்வாலை அடங்கி, கரித்துண்டுகளின் மேல் வெண்சாம்பல் பூக்கும் வரை பொறுக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். தணலுக்கு ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். இரண்டு எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் அது அப்பளத்துக்கும் சோளத்துக்கும் ஏற்ற சூடு. ஐந்தாறு எண்ணும் வரை தாங்கினால் கத்தரிக்காய், கிழங்குக்கு ஏற்ற நிதானச் சூடு. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்காதீர்கள். அந்த வாடை காயில் இறங்கிவிடும். தேங்காய் நாரும் கொட்டாங்கச்சியும் போதும்.

இனி கத்தரிக்காய். பார்வைக்குப் பெரிதாகவும் கைக்கு லேசாகவும் இருப்பதை எடுங்கள். கனக்கும் காயில் விதை அதிகம். இரண்டு மூன்று இடங்களில் கத்தியால் கீறிவிடாவிட்டால் சூட்டில் வெடிக்கும். அந்தக் கீறலில் ஆளுக்கொரு பூண்டுப் பல்லைச் செருகுவது பஞ்சாபிகள் வழக்கம், நன்றாகவே இருக்கிறது. மேலே லேசாக எண்ணெய் தடவி, திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். நடுப்பகுதி குழைந்துவிட்டதே என்று எடுத்துவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. காம்பை ஒட்டிய பகுதிதான் கடைசியில் வேகும், அங்கே அழுத்திப் பாருங்கள். எடுத்ததும் ஒரு பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் மூடிவைத்தால், உள்ளிருக்கும் ஆவியிலேயே தோல் கழன்று வரும். குழாயடியில் பிடித்துக் கழுவி உரிக்கவே கூடாது. சுட்ட மணம் முழுவதும் தண்ணீரோடு போய்விடும். விரல்களை மட்டும் நனைத்துக்கொண்டு உரியுங்கள். அங்கங்கே கரித்துணுக்கு ஒட்டியிருந்தால் மோசமில்லை.

ஒரே காயை இரண்டாகப் பிரித்து, பாதியில் புளி, பச்சை மிளகாய், பெருங்காயம், கடுகு தாளித்து நம் கொத்சு செய்யலாம். மறுபாதியில் பச்சை வெங்காயம், சுட்ட தக்காளி, கடுகெண்ணெய் சேர்த்துப் பிசைந்தால் பீகாரிகளின் சோக்கா. சத்து மாவை, அதாவது வறுத்த கடலை மாவை, ஓமமும் பூண்டும் சேர்த்துக் கோதுமை உருண்டைக்குள் வைத்து வறட்டித் தணலில் சுடும் லிட்டிக்கு அதுதான் தொட்டுக்கொள்ள.

சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு வேண்டியது பொறுமை. கிழங்கிலுள்ள ஒரு நொதிப்பொருள், சுமார் 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூட்டில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. மெல்லச் சுட்டால் அந்த நிலையில் கிழங்கு நெடுநேரம் இருக்கும், இனிப்பும் கூடும். குக்கரிலோ மைக்ரோவேவிலோ அவசரமாக வேகவைத்தால் அதற்கு அவகாசமில்லை. தெருவில் விற்கும் சகர்கந்தி வீட்டில் அவித்ததைவிட இனிப்பதன் ரகசியம் இதுதான்.

மக்காச்சோளம் ஆடி, ஆவணிக்குரியது. நகத்தால் குத்தினால் பால் வர வேண்டும். பறித்த நேரத்திலிருந்தே இனிப்பு குறையத் தொடங்குவதால் வாங்கிய அன்றே சுட்டுவிடுங்கள். கடைகளில் கிடைக்கும் ஸ்வீட் கார்ன் சுடுவதற்கு எனக்குப் பிடிப்பதில்லை. நீர்ச்சத்து அதிகம், வெள்ளை நாட்டுச் சோளத்தின் மொறுமொறுப்பு வராது. பனீர், மீன், கோழி சுடுகிறவர்கள், தயிரைத் துணியில் கட்டி நீரை வடித்துவிட்டு மசாலா கலக்க வேண்டும். இல்லையேல் மசாலா வழிந்துவிடும். மூங்கில் குச்சிகளை அரை மணி தண்ணீரில் ஊறவைத்தால் எளிதில் கருகாது. கோழி எலும்போரம் சிவப்பாக இருந்தால் திரும்பவும் தணலுக்கு அனுப்புங்கள். காஸ் அடுப்பில் சுடுவோர் மேலே ஒரு இரும்பு வலையை வைத்துக்கொண்டால், சாறு ஒழுகிப் பர்னர் அடைத்துக்கொள்வது குறையும். இண்டக்ஷன் அடுப்புக்காரர்கள் கனமான இரும்புக் கல்லில் காயை வைத்து மூடிச் சுடலாம். மணம் முக்கால்வாசிதான் வரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நாங்கள் 1984-இல் தில்லிக்கு வந்த முதல் குளிர்காலம். வாசலில் குமுட்டி அடுப்பில் அப்பளம் சுட்டு முடித்தோம். தணல் அழகாகக் கனன்றுகொண்டிருந்தது. புகையே இல்லை. வீணாவானேன் என்று அறைக்குள் கொண்டுபோய் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தோம். நடு இரவில் என் பெண் வாந்தியெடுத்தாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. எனக்கு எழுந்திருக்க முடியாத தலைவலி. அவர் எப்படியோ தட்டுத்தடுமாறிப் போய்க் கதவைத் திறந்துவிட்டார். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு பாபிஜி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளிக் காற்றுக்கு ஓடினார். "உள்ளே அங்கீட்டி வைத்துக்கொண்டு தூங்குவார்களா?" என்று அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.

புகை அடங்கிய தணல்தான் சுடுவதற்கு மிகவும் ஏற்றது. மூடிய அறையில் நம்மை ஏமாற்றுவதும் அதுவே. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் விழித்துக்கொள்வதற்கு முன்பே மயங்கிவிடுவார். வட இந்தியாவில் குளிர்காலம்தோறும் இப்படிக் குடும்பத்தோடு மாண்டவர்களின் செய்தி வருகிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். கரி அடுப்பு வீட்டுக்குள் வரவே கூடாது. மூடிய பால்கனியும் வீடுதான்.

எங்கள் குமுட்டி இப்போது மொட்டை மாடியில்தான் இருக்கிறது. காற்று மாசு மிகுந்து, உணவகத் தந்தூர்களிலேயே கரிக்குக் கட்டுப்பாடு வரும் நாட்களில் அதையும் பற்றவைப்பதில்லை. மற்ற நாட்களில், எல்லாம் சுட்டு முடிந்தபின் மீந்த தணலில் ஒரு மூடித் தேங்காயை ஓட்டோடு கவிழ்த்துவைப்பேன். ஓரம் சிவந்ததும் எடுத்து, வறுத்த மிளகாய், உளுத்தம்பருப்பு, கொஞ்சம் புளி வைத்துத் துவையல் அரைத்தால் மறுநாள் காலைக்கும் ஆகும். தணலில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிக் கிளறி, கரி முழுக்கக் குளிர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறேன்.