தெலோம் ஆற்று நாய்

மலேசியாவின் பேரா மாநிலத்தில், கோப்பெங்கை அடுத்த உலு கெரோவில் செமாய் பூர்வகுடியினர் வாழ்கிறார்கள். மலைத்தொடருக்கு அப்பால், பகாங் பக்கம் ஓடுவது தெலோம் ஆறு. அதன் கரைப் பூர்வகுடியினர் வளர்த்த சிறிய நாய்களை 1963-இல் மானுடவியலாளர் ஓர்வில் எலியட் கவனித்தார். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வீடுகளுக்கு ஏணியில் ஏறிப்போகும் நாய்கள் அவை. அவற்றில் ஒரு ஜோடி அமெரிக்காவின் மேய்ன் மாநில ஜாக்சன் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. ஆற்றின் பெயரால் அந்த இனம் 'தெலோமியன்' எனப்பட்டது, குட்டிகள் பெருகின, ஆர்வலர் சங்கமும் எழுந்தது. ஆனாலும் இன்று அங்கே அந்த வம்சத்தைக் காண்பதே அரிது. விரல்விட்டு எண்ணத்தக்க நாய்களிலிருந்து பிறந்த இனத்துக்குப் புது இரத்தம் தொடர்ந்து வேண்டும். அது தாய்மண்ணிலிருந்துதான் வரமுடியும்.

ஆப்பிரிக்காவின் பசெஞ்சி நாயினம் இதற்குச் சான்று. மேற்கே போன சில நாய்களின் சந்ததியில் பரம்பரைச் சிறுநீரக நோய் பரவியது. அமெரிக்கக் கென்னல் கிளப் 1990-இல் தன் பதிவேட்டை ஆப்பிரிக்க நாய்களுக்குத் திறந்துவிட்டது. கிராமங்களில் அந்த நாய்கள் மிஞ்சியிருந்ததால்தான் அது சாத்தியமானது. கப்பலேறாவிட்டால் தெலோமியனை உலகம் அறிந்தே இருக்காது என்பார்கள். உண்மைதான், ஆனால் அறிமுகம் வேறு, பிழைப்பு வேறு. பூர்வகுடிக் கிராமங்களிலும் இப்போது வெளிநாய்கள் கலந்துவிட்டனவே என்றால், உள்ளூர் வளர்ப்பை இன்னும் தள்ளிப்போடக் கூடாது என்றே பொருள். ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்காகத் தமிழக அரசு சைதாப்பேட்டையில் இனப்பெருக்கப் பிரிவு நடத்தியது. தெலோமியனுக்கு அப்படியொன்றைப் பேராவிலோ பகாங்கிலோ, பூர்வகுடியினரையே வளர்ப்பாளர்களாக வைத்துத் தொடங்கலாம்.