மூலம் என்று முடிவுகட்ட வேண்டாம்

காலைப் பெரட்டுக்குக் கிளம்பும் அவசரம். வெளிக்குப் போன இடத்தில் சொட்டுச் சொட்டாய் இரத்தம். "உடம்புச் சூடுதான், மூலமா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கூடையை மாட்டி மலையேறிவிடுகிறோம். பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை என ஊவாத் தோட்டங்களில் உள்ளவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. பல நேரம் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் பெருங்குடல் புற்றுநோயும் இதே அடையாளத்தோடு வரலாம்.

கவ்வாத்து வெட்டும் புரதம்

தேயிலை இயல்பில் மரமாக வளரக்கூடியது. சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவதால்தான் இடுப்பளவில் நின்று கொழுந்து தருகிறது. நம் பெருங்குடலிலும் அப்படியொரு காவல் உண்டு. அதன் உட்சுவர்க் கலங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. கலங்களைப் பெருகத் தூண்டுவது பீட்டா-கெட்டனின் என்ற புரதம். அது அளவுக்கு மீறிச் சேராமல் அழிக்க வழிசெய்வது ஏ.பி.சி. என்ற ஒழுங்குபடுத்தும் புரதம். அதை உண்டாக்கும் மரபணு 1991இல் அடையாளம் காணப்பட்டது. பெருங்குடல் புற்றுநோயாளர்களில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேரின் புற்றுக் கட்டியில் இந்த மரபணு பழுதாகியிருக்கிறது.

பத்து வருட அவகாசம்

ஒரு கலத்தில் ஏ.பி.சி. மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டால் கவ்வாத்து நின்றுபோகும். குடற்சுவரில் பாலிப் என்ற சிறு தசைமொட்டு முளைக்கும். பிறகு கே-ராஸ், பி53 போன்ற மரபணுக்களும் பழுதாகி அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடமளவில் ஆகும். அதற்குள் கொலனோஸ்கோபி என்ற, குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை மூலம் மொட்டைக் கண்டு அகற்றினால் புற்றுநோய் வருவதையே தடுக்கலாம்.

சில குடும்பங்களில் பழுதான ஏ.பி.சி. பரம்பரையாக வருகிறது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தால் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எதைக் கவனிக்க வேண்டும்?

- மலத்தில் இரத்தம், அல்லது மலம் கறுத்துப் போதல்
- வாரக்கணக்கில் நீடிக்கும் மலச்சிக்கல் அல்லது வயிற்றோட்டம்
- காரணமில்லாமல் உடல் மெலிதல், ஓயாத வயிற்று வலி
- இரத்தசோகை, மலையேறும்போது மூச்சு வாங்குதல்

கடைசி அடையாளத்தைக் கொழுந்து பறிக்கும் அக்காமார் "சத்துக் குறைவு" என்று தள்ளிவிடுவதுண்டு. அதற்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை குடித்தாலும் மலம் கறுக்கும். அதனால் குடிக்கும் மருந்தையும் டொக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை குடித்தும் இரத்தம் ஏறாவிட்டால், அது எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும்.

நம் கையில் இருப்பது

கீரை, பயறு, குரக்கன் ஆகியவற்றைச் சாப்பாட்டில் கூட்டுங்கள். சாராயம், கசிப்பு, சிகரெட் மூன்றையும் விடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காட்டும் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லி, பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்குங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை. ஒரு நாள் பேர் போனால் மறுநாள் உழைத்துக்கொள்ளலாம். இரத்தத்தைக் கண்டால், தயவுசெய்து அந்த ஒரு நாளை உங்கள் உயிருக்காக ஒதுக்குங்கள்.